ஒட்டாத வீடு

எனக்குப் படம் வரைய வராது. ஆசிரியப் பயிற்சியில் எப்படியோ சமாளித்துத் தேறிவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தச் சமாளிப்பு செல்லவில்லை. நம் ஊரைப் பற்றிய பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு பஸ் வரைந்தேன். வரைந்து முடித்துத் திரும்பி, "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, என் மனம் நோகக் கூடாதே என்ற கவலை முகத்தில் தெரிய, மெதுவாகக் கேட்டாள்.

"ஃபிரிட்ஜா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது. வரையத்தான் வராது, வெட்டி ஒட்ட வருமே? ஊரைப் படமாகப் போடுவதற்குப் பதில் ஊரையே செய்துவிட்டால் என்ன?

அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் பள்ளி ஆரணியில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் இருக்கிறது. ஓட்டுக் கூரை போட்ட நீளமான பழைய கட்டடம். நான் கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். மூன்றாம் வகுப்பில் அந்த வருடம் இருபத்தாறு பேர். வகுப்பின் பின்பக்கம் யாரும் பயன்படுத்தாத பழைய மரக் கரும்பலகை ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை இரண்டு டெஸ்க்குகளின் மேல் படுக்கப் போட்டோம். தெருக்களைச் சாக்பீஸால் கோடு போட்டோம். பஸ் ஸ்டாண்டு, கோட்டை மைதானம், அரிசி மில், ஆற்றுப் பாலம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டோம். எது எங்கே வரும் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். நான் கோடு மட்டும் போட்டேன். அதுவும் நேராக வரவில்லை என்று இரண்டு பேர் அழித்துத் திருத்தினார்கள்.

வீடு கட்ட அட்டை வேண்டுமே என்று யோசித்தபோது, தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் மறுநாள் ஒரு கட்டு டிசைன் அட்டை தூக்கிக்கொண்டு வந்தான். தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் மாலை மாதிரிக் கோத்து ஓடுமே, வரிசை வரிசையாக ஓட்டை போட்ட கெட்டி அட்டை, அது. அவர்கள் வீட்டில் புது டிசைனெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஏறிவிடுகிறதாம். பழைய அட்டைகள் பரணில் கிடந்தனவாம்.

"எங்கப்பா எடுத்துகினு போடான்னுட்டாரு டீச்சர். இன்னும் நாலு கட்டு கீது."

அவன் கொண்டுவந்த அட்டையை மடித்து நாலு சுவராக நிறுத்திப் பார்த்தேன். ஜன்னல் வெட்ட வேண்டிய வேலையே இல்லை. சுவர் முழுக்க ஜன்னல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அந்த அட்டையில்தான் வீடு. சத்துணவு சமைக்கிற அக்கா ஒரு பழைய சட்டியில் மைதா பசை காய்ச்சிக் கொடுத்தார். "சாப்புட்டுடப் போகுதுங்க, கொஞ்சம் துத்தம் போட்டுட்டேன்" என்று அவர் சொன்னதும், துத்தம் விஷமாயிற்றே என்று நான் பதறிப்போனேன். "சும்மா சொன்னேங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கட்டுமான வேலை. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாதாரணமாக அந்த நேரத்தில் பாதி வகுப்பு தூங்கி வழியும், மீதி சண்டை போடும். ஆனால் கையில் அட்டையும் பசையும் வந்துவிட்டால் சத்தம் தானாகவே இறங்கிவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். வெளியே தறிகள் லொடக்கு லொடக்கென்று ஒரே தாளத்தில் ஓடும். ஜன்னல் வழியாக வெயில் தரையில் நகரும். கொஞ்ச நேரத்தில் எனக்கு, நான் ஒரு வகுப்பறையில் நிற்கிறேனா, அந்தப் பலகை ஊரின் ஏதோ ஒரு தெருவில் நிற்கிறேனா என்று சந்தேகம் வந்துவிடும். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அரைத் தூக்கத்தில் வெளியே பார்ப்பேன். விளக்கு ஏற்றுகிற நேரம். ரோட்டோரத்து வீடுகளில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். இதை எந்தப் பிள்ளை ஒட்டியது, இவ்வளவு அழகாக ஒட்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். கண்டக்டர் "கண்ணமங்கலம், கண்ணமங்கலம்" என்று கத்தும்போதுதான் விழிப்பேன்.

அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவள். அவள் அம்மா ஆரணியில் பட்டு நூல் முறுக்குகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா லோடு ஏற்றப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. பெண் நன்றாகப் பேசுவாள். தேவைக்கு மேலேயே பேசுவாள். ஊரில் அவள் வளர்த்த ஆட்டுக்குட்டி, மாமா வாங்கின டிராக்டர், அத்தை கல்யாணத்தில் தான் தின்ற ஜாங்கிரியின் எண்ணிக்கை, எல்லாம் அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும்.

அவள் கட்டிய வீடுதான் வகுப்பிலேயே நல்ல வீடு. சுவருக்கு இரண்டு அட்டை சேர்த்து ஒட்டியிருந்தாள். ஒரு பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டையின் சிவப்புப் பக்கத்தைக் கூரையாக மடித்து மாட்டியிருந்தாள். வாசலில் இரண்டு படி. திறந்து மூடக் கதவு. எல்லோரும் வந்து அந்தக் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அவள் அதைப் பலகையில் ஒட்டவில்லை.

முதல் நாள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. சரியான இடம். அடுத்த நாள் காலையில் பார்த்தால் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதற்கடுத்த நாள் அரிசி மில் ஓரம். இன்னொரு நாள் பாலத்தைத் தாண்டி, ஊருக்கு வெளியே, தன்னந்தனியாக. வகுப்பில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. எனக்கு மட்டும் காலையில் வந்ததும் இன்று அந்தச் சிவப்புக் கூரை எங்கே இருக்கிறது என்று தேடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. நிஜமான ஒரு ஊரில் ஒரு வீடு மட்டும் இரவோடு இரவாக எழுந்து நடந்து போய் வேறு தெருவில் உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்! பால்காரர் என்ன செய்வார்? அப்படியெல்லாம் யோசித்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. பலகையில் சாக்பீஸ் தெருக்கள் அங்கங்கே அழிந்துபோயிருந்தன. யாரோ சட்டைக் கையால் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தறிக்காரர் வீட்டுப் பையன் என்னிடம் வந்து நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர், இவ வூடு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு கீது. நாங்க எப்படி வெளிய போறது?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவன் கட்டியிருந்தது மாடி வீடு. அதன் வாசலை மறித்துக்கொண்டு சிவப்புக் கூரை வீடு நின்றது.

"ஏம்மா, உன் வீட்டை அதுக்குரிய இடத்துல ஒட்ட வேண்டியதுதானே?"

"இன்னும் பாத்துகினு இருக்கேன் டீச்சர்."

"என்ன பாக்குற? எல்லாரும் ஒட்டியாச்சு. உன்னுதுதான் பாக்கி."

"நாளைக்கு ஒட்டிடறேன் டீச்சர்."

நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போனது. தலைமை ஆசிரியை வேறு, "ஊர் முடிஞ்சிதா? ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடணுமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரத்தில் அந்த வீட்டை எடுத்தேன். அடியில் பசையை அள்ளிப் பூசினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து, காய்கிற வரைக்கும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோவும் எடுத்தேன்.

திரும்பி வந்தவள் பார்த்தாள். விரலால் கூரையை ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை ஆட்டுக்குட்டியும் இல்லை, டிராக்டரும் இல்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு இல்லை. பிய்ந்த அட்டைத் தரை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் இருந்த இரண்டு படியும் அங்கேயே இருந்தன. வீட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் படியை மறந்து விட்டுப் போனது மாதிரி.  கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் புத்தகப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பை ஒரு பக்கம் புடைத்திருந்தது. கோபம் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, எதையோ எடுக்க வகுப்புக்குள் வந்தேன். அவள் பலகைக்குப் பக்கத்தில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டாள். குனிந்து, கன்னம் பலகையில் படும்படி தலையைச் சாய்த்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தாள். அது சாக்பீஸ் தெருவைக் கரைத்துக்கொண்டு மெல்ல ஓடி, ஓரிடத்தில் போய் நின்றது. பாவாடை நுனியால் ஒற்றி எடுத்தாள். அடுத்த இடத்தில் சொட்டு விட்டாள்.

அழிந்த தெருக்களுக்குக் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் திடுக்கிட்டு மூடியைப் பின்னால் மறைத்தாள்.

"திட்ட மாட்டேன். என்ன பண்ற, சொல்லு."

மறைத்த மூடியை மறுபடி முன்னால் கொண்டுவந்தாள்.

"தண்ணி எங்க வந்து நிக்கும்னு பாக்குறேன் டீச்சர். நிக்காத எடமாப் பாத்துதான் வூடு வைக்கணும்."

"யார் சொன்னா?"

"எங்கம்மா. ஊர்ல எங்க வூடு பள்ளத்துல இருந்துச்சு. போன மழைக்கு ஏரித் தண்ணி ரொம்பி வந்துச்சில்ல, மூணு நாள் செவுத்தாண்டயே நின்னுகினு இருந்துச்சு. அப்புறம் தண்ணியெல்லாம் போயிடிச்சு. வெயிலும் வந்துச்சு. நாங்க வெளிய குந்திகினு சோறு துன்னுகினு இருக்கறோம், அப்பதான் செவுரு உழுந்துச்சு."

அவள் அதை ஆட்டுக்குட்டிக் கதை சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னாள். 'வெயிலும் வந்துச்சு' என்கிற இடத்தில் மட்டும் அந்தக் குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் சுவர் விழும் என்பது அவளுக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம்.

"உள்ள யாரும் இல்லியே?"

"கோழி மட்டும் இருந்துச்சு."

 நேற்று இந்த வீட்டின்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேனே, அது ஞாபகம் வந்தது.

"நான் பண்ணது தப்பும்மா. உன்னைக் கேக்காம ஒட்டியிருக்கக் கூடாது."

"பரவால்ல டீச்சர்" என்றாள். பிறகு பாட்டில் மூடியை என்னிடம் நீட்டினாள். "அந்தப் பக்கம் நீங்க வுட்டுப் பாருங்க. நான் இங்கேர்ந்து பாக்குறேன்."

நான் விட்டேன். அவள் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். என்ன விளையாட்டு என்று கேட்டார்கள். சொன்னோம். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்க தெருவுல முட்டிக்கால் வரைக்கும் நிக்கும் டீச்சர். எங்க வூட்ல தறிக்குழிக்குள்ளயே தண்ணி வந்துடும், சொம்பால மொண்டு ஊத்துவோம். பஸ் ஸ்டாண்டுல செருப்பு மெதந்துகினு போச்சு, நான் பாத்தேன். பாடப் புத்தகத்தில் ஊரைப் பற்றி இருந்த ஒரு பக்கத்தை நான் ஒரு வாரமாக நடத்தியிருந்தேன். ஊர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அன்று அந்த இருபத்தாறு பேர்தான் எனக்குச் சொன்னார்கள். தண்ணீர் நிற்கிற இடங்களில் நீல சாக்பீஸால் வட்டம் போட்டோம். சாயம் போட்ட பட்டு நூல் துண்டுகளைக் கால்வாயாக ஒட்டினோம். பச்சையும் சிவப்புமாக ஊருக்குள் கால்வாய்கள் ஓடின. சிவப்புக் கூரை வீடு அன்றும் ஒட்டப்படவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை அது மறுபடி வேறிடத்தில் இருந்தது. தறிக்காரர் வீட்டுப் பையன் தன் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. பள்ளிக்கு லீவு விட்டார்கள். நான் கண்ணமங்கலத்தில் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ரோட்டில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் மழை கீழே விழுவது நின்று, வீடு மேலே போவது போல இருக்கும். அப்படி மேலே போய்க்கொண்டே நான் அந்தப் பலகை ஊரை நினைத்தேன். அங்கே மழை இல்லை. கூரைக்குக் கீழே, பூட்டிய அறையில், இருபத்தாறு வீடும் நனையாமல் இருட்டில் இருக்கின்றன. அது ஒரு நிம்மதியாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று சீக்கிரமே போய் வகுப்பைத் திறந்தேன். பசை புளித்த வாடை முகத்தில் அடித்தது. கூரையில் ஓடு ஒன்று நகர்ந்திருந்தது. நேராகக் கீழே பலகை.

பலகையின் ஓரச் சட்டத்துக்குள் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பசை கரைந்து வீடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. சேலைப் பெட்டியில் செய்த அரிசி மில் ஊறி உப்பியிருந்தது. காகிதக் கூரைகள் மிதந்தன. பட்டு நூலின் சாயம் இறங்கி, ஊர் முழுக்க ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், ஒரு பக்கம் சிவப்புத் தண்ணீர். நடுவில் இரண்டும் கலந்து, பெயர் இல்லாத ஒரு நிறம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பார்த்த உடனே அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் மனசு உடைந்தது.

பிள்ளைகள் வருவதற்குள் எல்லாவற்றையும் வாரி எடுத்துவிடலாம் என்று வாளியைத் தேடினேன். அதற்குள் வந்துவிட்டார்கள். பலகையைச் சுற்றி நின்றார்கள்.  பஸ்ஸை ஃபிரிட்ஜ் என்று சொன்ன பெண் முதலில் அழ ஆரம்பித்தாள். அது ஒவ்வொருவராகப் பரவியது.

வெம்பாக்கத்துப் பெண் அன்று கடைசியாக வந்தாள். குடை இல்லாமல், பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நிதானமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லார் வூடுமா டீச்சர்?"

"ஆமாம்மா. எல்லார் வீடும்தான்."

பையைக் கீழே வைத்தாள். அழுதுகொண்டே தன் வீட்டை இழுக்கப் போன ஒருத்தியின் கையைப் பிடித்தாள்.

"இழுக்காத. ஊறி கீது, இழுத்தா கிழிஞ்சிடும். மொதல்ல தண்ணிய வெளிய வுடணும். டீச்சர், அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

நான் தூக்கினேன். நாலு பேர் கூடப் பிடித்தார்கள். பச்சையும் சிவப்புமாகத் தண்ணீர் வாளியில் இறங்கியது.

"கூரையெல்லாம் தனியா எடுத்து வைங்க. கதவு தனியா. செவுத்த படுக்கப் போடாதீங்க, வளைஞ்சிடும். நிக்க வச்சுதான் காய வைக்கணும்."

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றான் தறிக்காரர் வீட்டுப் பையன்.

"எங்கப்பா எங்க வூட்டுக் கதவு, ஜன்னலு எல்லாம் அப்படித்தான் காய வச்சாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். "நிக்க வைக்க எடம் ஏது? எங்க வூட்ல சாயம் போட்ட நூல கொடியிலதான் தொங்க வுடுவாங்க. கொடி கட்டலாம் டீச்சர்."

வெளியே தூறல் இருந்ததால் வகுப்புக்குள்ளேயே ஜன்னல் கம்பிக்கும் ஜன்னல் கம்பிக்குமாக மூன்று கயிறு கட்டினேன். சத்துணவு அக்கா துணி கிளிப் கொஞ்சம் கொடுத்தார். பிள்ளைகள் பக்கத்து வீடுகளுக்கு ஓடிப்போய் இன்னும் வாங்கி வந்தார்கள். தறி அட்டை கெட்டியானது. ஊறினாலும் நைந்துபோகவில்லை. ஒவ்வொரு வீடாகப் பிரித்து, துடைத்து, அவரவர் கையாலேயே தொங்கவிட்டோம். அழுகை எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மழை விட்டது. மேற்கு ஜன்னல் வழியாகத் திடீரென்று வெயில் உள்ளே வந்தது. ஃபேனை மெதுவாகப் போட்டிருந்தேன். கொடியில் இருபத்தாறு வீடும் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் எனத் திரும்பிக்கொண்டிருந்தன. அட்டையின் ஓட்டைகள் வழியாக வெயில் புகுந்து, சுவர், கரும்பலகை, பிள்ளைகளின் சட்டை, என் புடவை எங்கும் ஆயிரம் பொட்டாக நகர்ந்தது. ஒருவன் தரையில் மல்லாந்து படுத்தான். பார்த்து இன்னொருத்தி படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே தரையில் படுத்து, தலைக்கு மேலே தொங்குகிற ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தேன். கரண்டு நின்று வந்திருந்ததால் தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன. அந்தத் தாளத்துக்குத்தான் வீடுகள் திரும்புகின்றன என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று தலைமை ஆசிரியை வந்து வாசலில் நின்றார். கையில் போன் இருந்தது. போட்டோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வெளிச்சப் பொட்டு ஒன்று அவர் கண்ணாடியில் ஏறி இறங்கிப் போனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு இந்தப் பக்கம் வெம்பாக்கத்துப் பெண் படுத்திருந்தாள். மேலே கையை நீட்டித் தன் வீட்டைக் காட்டினாள்.

"எங்க வூடும் நனைஞ்சிடுச்சு டீச்சர்" என்றாள். அதில் துக்கமே இல்லை. எல்லோரும் போன இடத்துக்குத் தானும் போய்வந்தது மாதிரி இருந்தது அந்தக் குரல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஊரில் மழை எல்லா வீட்டின்மேலும் பெய்தது, அவள் வீடு மட்டும்தான் விழுந்தது.

காய நாலு நாள் ஆனது. அட்டைகளில் சாயம் ஏறி, சில வீடுகள் பாதிப் பச்சை, சில வீடுகள் ஓரம் மட்டும் சிவப்பு. யாருக்கும் அதை மாற்ற மனமில்லை. மறுபடி பசை காய்ச்சினோம். ஓடு மாற்றியாகிவிட்டது என்றாலும் பலகையை இந்த முறை வேறு மூலைக்கு நகர்த்திப் போட்டோம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை ஒட்டி முடித்தார்கள். அவள் கையில் வீட்டை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறிக்காரர் வீட்டுப் பையன்தான் சொன்னான்.

"எங்க வூட்டாண்ட வையி. வாசல்ல வைக்காத, பக்கத்துல வையி. மழ வந்தா எங்க மாடியில ஏறிக்கலாம்."

அவள் அவன் மாடியைப் பார்த்தாள். மேலே நிறையப் பேர் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"எங்கம்மா, அப்பா, தம்பி எல்லாம் வருவோம்."

"வாங்க."

"கோழி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கோழி வந்தா எங்கம்மா திட்டும். சரி, வா."

அவளே பசையை எடுத்துப் பூசினாள். அளந்து வைத்தாள். ஒட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்த் தேடினாள். படி இரண்டும் தண்ணீரில் போய்விட்டிருந்தன. புதிதாக மூன்று படி செய்து வைத்தாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவைத் தலைப்பில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினாள். அந்த அம்மா சிவப்புக் கூரை வீட்டின் கதவைச் சுண்டுவிரலால் திறந்து பார்த்து மூடினார்.

"மாடி வூட்டாண்ட கீறோமா நாம?" என்று மகளைக் கேட்டார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஊர்ல செவுரு உழுந்ததிலிருந்து மழைன்னாலே இவ வாசப்படிய வுட்டு நகர மாட்டா டீச்சர். தண்ணி வருதான்னு பாத்துகினே குந்திகினு இருப்பா. நேத்து மழைக்கு, சோறு துன்னுட்டு படுத்துட்டா டீச்சர். நான்தான் முழிச்சிகினு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. "டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடம் முழுக்க ஊர் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு சமணர் வீட்டுப் பையன் தங்கள் கோயிலான ஜினாலயத்தைச் செய்து கொண்டுவந்து தன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரோ ஒரு பானிபூரி வண்டி கொண்டுவந்தார்கள். ஒரு பூனை இரண்டு முறை கோட்டை மைதானத்தில் படுத்துத் தூங்கியது.

கடைசி வேலை நாளன்று ஊரைக் கலைத்தோம். அடுத்த வருடம் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போகிறார்கள். பலகை இந்த அறையில்தான் இருக்கும். அவரவர் வீட்டை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஸ்கேலை அடியில் விட்டு மெதுவாக நெம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் வீடுதான் கடைசி வரை வரவில்லை. அவ்வளவு பசை போட்டிருந்தாள். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒரு பக்கம் ஸ்கேல், நான் ஒரு பக்கம் கத்தி. தரையோடு, மூன்று படியோடு முழுசாக வந்தது.

மணி அடித்ததும் வெளியே வந்து கேட்டருகே நின்றேன். இருபத்தாறு பேரும் ஆளுக்கொரு வீட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தெருவில் இறங்கிப் போனார்கள். சிலர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சிலர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

அவள் வீட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கையில பிடிச்சுக்கோம்மா, விழுந்துடப் போகுது."

"உழாது டீச்சர். கையில வச்சாதான் ஆடும்."

இரண்டு கையையும் வீசிக்கொண்டு, கழுத்தை மட்டும் நேராக வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்த யாரிடமோ மாமா டிராக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். தெருக்கோடியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் சிவப்புக் கூரை எல்லோர் தலைக்கும் மேலாகத் தெரிந்துகொண்டிருந்தது.